படிப்புக்கும் சம்பளத்துக்கும் நடுவில் 182 நாள்

கடைசித் தேர்வு 2025 மே 9. முதல் சம்பளம் வங்கிக்கு வந்தது நவம்பர் 7. என் அக்கா மகனுடைய கணக்கு இது. காலண்டரை வைத்துக்கொண்டு நானே எண்ணினேன், 182 நாள். மே வரைக்கும் அவன் அரசின் ஏட்டில் ஆதிதிராவிட மாணவன், கல்வி உதவித்தொகைக்கு என்று ஒரு எண் இருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு தொழிலாளி, பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் வந்துவிட்டன. நடுவில் கிடந்த மாதங்களுக்கு அரசிடம் அவனுக்கு ஒரு பெயரும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் எந்தக் காலனிக்குள் போனாலும் ஜூன் மாதத்தில் இப்படிப் பெயரில்லாத பிள்ளைகள் பத்துப் பேராவது இருப்பார்கள். வெளியே நான்கு வழிச்சாலையில் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டே இருக்கும். "உனுக்கு இன்னாப்பா, கம்பெனிக்கு நடுவுல ஊரு, கதவத் தொறந்தா வேல" என்று வெளியூர் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கதவைத் திறந்தால் வேலை இருக்கிறதோ இல்லையோ, சம்பளம் இல்லை. வேலை கிடைப்பது ஒரு தேதி, சம்பளம் கைக்கு வருவது வேறொரு தேதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு எதைத் தின்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் மெக்கானிக்கல் படித்தவன். ஜனவரியிலேயே கல்லூரிக்கு வந்து ஒரு உதிரிபாகக் கம்பெனி தேர்ந்தெடுத்துவிட்டது. ஜூலை முதல் வாரம் சேரலாம் என்று சொன்னார்கள். ஜூலையில் கேட்டால் ஆகஸ்ட். ஆகஸ்டில் கேட்டால் "மெயில் வரும், வெயிட் பண்ணுங்க". கடைசியில் செப்டம்பர் 22 அன்று உள்ளே விட்டார்கள். மாதக் கணக்கு முடிக்கும் தேதி தாண்டிவிட்டது என்று செப்டம்பரில் அவன் உழைத்த ஒன்பது நாளையும் அக்டோபரோடு சேர்த்து நவம்பரில் போட்டார்கள். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் அடுத்த மாதம் 7 தேதிக்குள், அதற்கு மேற்பட்ட இடத்தில் 10 தேதிக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு ஏழு நாள்தான் கெடு வைக்கிறது. ஆனால் சேர்ந்து பத்து நாள் ஆன பையன் மனிதவள அதிகாரியிடம் போய் "சார், என் ஒன்பது நாள்" என்று கேட்பானா? நான் கேட்கச் சொன்னேன். "வேணாம் மாமா, ட்ரெய்னிங்லயே பேரு கெட்டுப்பூடும்" என்றான்.

வேலைக்குச் சேரவே காசு வேண்டும். சம்பளம் வாங்கிப் பழகிய வீடுகளில் இது யாருக்கும் நினைவு இருக்காது. மருத்துவத் தகுதிச் சான்று, போலீஸ் சரிபார்ப்பு, பான் அட்டை, போட்டோ, நகல் எடுக்கும் செலவு. இரவு ஷிஃப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து காலனிக்கு இருட்டில் மூன்று கிலோமீட்டர். அதனால் ஒரு பழைய வண்டி. இதற்கெல்லாம் முன்னால் கல்லூரியிலிருந்து சான்றிதழை மீட்க வேண்டும். உதவித்தொகையின் ஒரு பகுதி வந்து சேரவில்லை, அதைக் கட்டினால்தான் சான்றிதழ் என்று அவன் படித்த தனியார் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மூலச் சான்றிதழை இப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு நானும் போனேன். வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அக்கா இருபதாயிரம் கடன் வாங்கினாள். அஞ்சு வட்டி. மாதம் ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போகும். அக்காவுக்கு மகளிர் உரிமைத்தொகை வருகிறது, அதுவும் ஆயிரம்தான். ஆக மாதாமாதம் அரசு அவள் கணக்கில் போட்ட பணம் அப்படியே வட்டிக்காரர் கைக்குப் போனது. உரிமைத்தொகையைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்த வட்டியையும் கட்டியிருக்க முடியாது. ஆனால் பெண்ணின் உழைப்பை மதித்துக் கொடுப்பதாகச் சொன்ன பணம், மகன் படித்து முடித்ததற்கான அபராதமாக மாறிவிட்டது.

"ஏன், வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. பத்தாம் வகுப்பில் தோற்றவருக்கு மாதம் ரூ.200, தேறியவருக்கு ரூ.300, பன்னிரண்டாம் வகுப்புக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600. மாற்றுத்திறனாளிகளுக்கு இதைவிடக் கூடுதல். மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். பட்டதாரி ஒருவர் முழுதாக வாங்கினாலும் மொத்தம் ரூ.21,600, அக்கா வாங்கிய கடனுக்கு ஒட்டி வரும் தொகை. சரி, அதையாவது வாங்கலாம் என்றால் விதிகளைப் படிக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. என் அக்கா மகன் முதல் வரியிலேயே வெளியே. மற்றவர்கள் பதிவு செய்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டு. எங்கள் தெருவில் பி.காம். முடித்த பெண் ஒருத்தி. அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கித்தான் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சமாளித்தாள். படிப்பு முடிந்ததும் அது நின்றது. நிற்கத்தான் செய்யும், அது மாணவிகளுக்கான பணம். மன்றத்தில் உட்கார்ந்து அவளுக்கு உதவித்தொகை விதியை வாசித்துக் காட்டினேன். "அஞ்சு வருசமா? அதுக்குள்ள எனுக்குக் கல்யாணம் கட்டி, கொழந்தைய பால்வாடிக்கே அனுப்பிச்சிடுவாங்கண்ணா" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவளுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்குச் சலுகை இல்லையா என்றால் அதுவும் உண்டு. மற்றவர்களுக்கு வயது வரம்பு 40, எங்களுக்கு 45. அதாவது இன்னும் ஐந்து ஆண்டு வேலையில்லாமல் இருந்துகொள்ளலாம் என்று எங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இந்த வயதைப் பார்த்தாலே தெரியும், திட்டம் எழுதியவர் மனதில் இருந்தது இருபத்தொரு வயதுப் பிள்ளை அல்ல. வேலை தேடித் தேடி ஓய்ந்து, இனி கிடைக்காது என்று முடிவான ஆளுக்குக் கொடுக்கும் ஆறுதல் பணம் இது. அப்படிப்பட்டவர்களுக்கும் அது தேவைதான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நடுவழியில் நிற்பவனுக்குக் கைகொடுக்கும் திட்டம் எங்கே என்று கேட்டால் யாரும் இதைக் காட்டக் கூடாது.

வருமான வரம்பைப் பாருங்கள். இந்த உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். மொத்தக் குடும்பத்துக்கும் மாதம் ஆறாயிரம், நாளைக்கு இருநூறு ரூபாய் கூட இல்லை. அதே பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய மேற்படிப்பு உதவித்தொகைக்கு வரம்பு இரண்டரை லட்சம். ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே செக்யூரிட்டி வேலை, மாதம் பன்னிரண்டாயிரம். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த வீடு ஏழை வீடு. தேர்வு முடிந்து வெளியே வந்தால் ஏழை இல்லை. ஒரே மே மாதத்தில் வறுமையை ஒழித்துவிட்டார்கள்.

அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு வேலை பெறும் உரிமையையும், கல்வி பெறும் உரிமையையும், வேலையின்மையின்போது அரசின் உதவியைப் பெறும் உரிமையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. கூடவே, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் இருக்கிறது. 37-ஆம் பிரிவோ, இதற்காக நீதிமன்றம் போக முடியாது என்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தர 1945-ல் இந்த நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அமைப்பு உருவானது அந்தத் துறையின் கீழ்தான். பதிவு அட்டை வாங்க நாம் போய் நிற்கிற வரிசையின் ஆரம்பம் அங்கே இருக்கிறது. 1947-ல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அவர் இதைத் தெளிவாகவே பேசியிருக்கிறார். பசியில் இருக்கும் வேலையற்றவன் முன்னால் வேலையையும் உரிமைகளையும் வைத்தால், அவன் வேலைக்காக உரிமைகளை விட்டுக்கொடுக்கத்தான் செய்வான் என்பது அவர் வாதம். "பேரு கெட்டுப்பூடும்" என்று என் அக்கா மகன் சொன்னபோது எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

பிரிட்டனில் படிப்பை முடித்த பிள்ளை வேலை கிடைக்கும் வரை யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரத்தில் மக்கள் கடனாளி ஆகிறார்கள், இலவச உணவு கொடுக்கும் இடங்களில் போய் நிற்கிறார்கள் என்று அங்கே பெரிய சண்டையே நடக்கிறது. நாம் அந்த நாடு இல்லை, நம் கஜானா அந்தக் கஜானா இல்லை, தெரியும். ஆனாலும் ஐந்து வாரம் காத்திருப்பது கொடுமை என்று சண்டை போடுகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது ஐந்து ஆண்டு காத்திருக்கச் சொல்லும் விதிக்குள் வாழ்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த 182 நாளை எல்லாருக்கும் பொதுவான கஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஊர்த்தெருப் பிள்ளைக்கும் ஆஃபர் லெட்டர் தள்ளித்தான் போகிறது. ஆனால் அங்கே அரை ஏக்கர் நிலமோ, சிப்காட்டுக்குக் கொடுத்த நிலத்தின் இழப்பீடோ, வாடகைக்கு விட்ட நாலு அறையோ இருக்கும். பட்டா வைத்திருந்தவனுக்கு இழப்பீடு வந்தது. அதே நிலத்தில் நாற்று நட்டவளுக்கு வேலை மட்டும் போனது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை எழுதி, 1892-ல் அரசாணை வந்து, ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கியது இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கதையிலிருந்துதான். அந்த நிலம் நம் கையில் இருந்திருந்தால், ஒரு பிள்ளையின் ஆறு மாதத்தை ஒரு போகம் நெல் தாங்கியிருக்கும். இன்று தாங்குவது அஞ்சு வட்டி.

வெளியூர்ப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலையிலிருந்து வந்து அறை தேடுகிறார்கள். முன்பணம் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் "சொந்த ஊரு எது, ஊர்ல எந்தப் பக்கம்" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அம்பேத்கர் 1917-ல் பரோடாவில் உத்தியோகம் ஏற்கப் போய், தங்க இடமில்லாமல் விரட்டப்பட்ட கதைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அரசு நினைத்தால் முடியாத காரியமில்லை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு சிப்காட் ரூ.706.50 கோடியில் விடுதி கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்குள் படுக்கை வேண்டுமென்றால் முதலில் தொழிலாளியாக வேண்டும்.

இந்த இடைவெளிதான் காண்ட்ராக்டருக்குத் தீனி. ஜூன் மாதம் காலனிக்குள் வேன் வரும். குடோனில் அட்டைப்பெட்டி அடுக்க, லைனில் ஆள் மாற்றிவிட, தோட்டம் பெருக்க ஆள் வேண்டும். வாரக்கூலி, கேட்டால் முன்பணமும் உண்டு. டிப்ளமோ படித்தவனும் பட்டம் படித்தவனும் "ஆஃபர் வர்ற வரைக்கும்" என்று ஏறுகிறார்கள். முன்பணம் கழியும் வரை இறங்க முடியாது. அதற்குள் ஒரு நேர்முகத் தேர்வு போயிருக்கும். பட்டம் வாங்கிய பிள்ளை எப்படிக் காண்ட்ராக்ட் தொழிலாளி ஆனான் என்று ஆய்வு செய்பவர்கள் திறன் குறைவு, ஆங்கிலம் வரவில்லை என்றெல்லாம் எழுதுகிறார்கள். வீட்டில் அரிசி இல்லாத ஜூன் மாதத்தையும் ஒரு காரணமாக எழுதட்டும்.

ஒன்றிய அரசு முதல் வேலைக்காரர்களுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை வேலையில் சேர்பவர்களுக்கு. முதன்முதலாகப் பிஎஃப்-இல் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் ரூ.15,000, இரண்டு தவணையாக. முதல் தவணை ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு. இரண்டாவது தவணை பன்னிரண்டு மாதம் முடித்து, நிதிக் கல்விப் பாடமும் படித்த பிறகு. முதலாளிக்கும் ஆள் ஒன்றுக்கு மாதம் ரூ.3,000 வரை இரண்டு ஆண்டுக்கு, உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டுக்கு உண்டு. பணம் வந்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் வட்டி கட்டிக் கட்டி ஓராண்டு ஆனவனுக்குப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று பாடம் எடுப்பார்களாம். இன்னொரு முள்ளும் இருக்கிறது. ஏற்கெனவே பிஎஃப் உறுப்பினராக இருந்தவன் 'முதல்முறை' தொழிலாளி ஆக மாட்டான். கல்லூரி விடுமுறையில் ஃபீஸுக்காகக் காண்ட்ராக்டரிடம் இரண்டு மாதம் வேலை பார்த்தபோது பிஎஃப் பிடித்திருந்தால் அவன் கதி அதுதான். விடுமுறையில் அப்படி வேலை பார்க்கிற பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்ரண்டிஸ் வழி ஒன்று உண்டு. 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் ரூ.9,000. ஆனால் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அப்ரண்டிஸைத் தொழிலாளி இல்லை என்று சொல்லிவிடுகிறது. ஓராண்டு லைனில் நின்றாலும் 'பழகுகிறான்' என்றுதான் கணக்கு. அதே சட்டத்தின் 3ஏ பிரிவு பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களில் இடஒதுக்கீடு வைக்கச் சொல்கிறது. தனியார் கம்பெனிக்குள் இடஒதுக்கீடு பேசுகிற அபூர்வமான பிரிவு. இதைப் பற்றிப் பேசும் ஒரு அறிவிப்புப் பலகையை இந்தத் தொழில் வட்டாரத்தில் நான் எந்தக் கேட்டிலும் பார்த்ததில்லை.

நான் கேட்பது புதிய அலுவலகமோ புதிய வரிசையோ அல்ல. ஆதிதிராவிடர் நலத்துறையிடம் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், சாதிச் சான்றும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும், படிப்பு முடியும் ஆண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. கடைசி ஆண்டு வரை பணம் போட்ட அதே கணக்கில், படிப்பு முடிந்த அடுத்த மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குப் போடட்டும். விண்ணப்பம் வேண்டாம், இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டாம், ஐந்து ஆண்டு வேண்டாம். பிஎஃப்-இல் முதல் மாதப் பணம் ஏறியதும் நிறுத்திக்கொள்ளட்டும், அதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். வருமான வரம்பு படிக்கும்போது இருந்த அதே இரண்டரை லட்சம். தொழிற்படிப்பு படித்தவனையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கடனில் ஆழமாக இருப்பவன் அவன்தான். எவ்வளவு என்று கேட்டால், அஞ்சு வட்டிக்காரரைத் தேடிப் போகாமல் இருக்கிற அளவுக்கு. அறுநூறு ரூபாய் அந்த அளவு இல்லை.

அது வரும் வரை கையில் இருப்பதை விட வேண்டாம். தேர்வு முடிவு வந்த வாரமே வேலைவாய்ப்புப் பதிவில் பட்டத்தை ஏற்றிவிடுங்கள், ஐந்தாண்டுக் கடிகாரம் அன்றுதான் ஓட ஆரம்பிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், தவறினால் பதிவு மூப்பு போய்விடும். கல்லூரி சான்றிதழைப் பிடித்தால் வாய்ப்பேச்சோடு விடாமல், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். காண்ட்ராக்ட் வேலைக்குப் போனால் பிஎஃப் பிடிக்கிறார்களா, யுஏஎன் எண் என்ன என்று குறித்துவையுங்கள், இரண்டாவது எண் போட விடாதீர்கள். சேர்ந்த தேதியையும் முதல் சம்பளத் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் மன்றத்தில் அந்த நோட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இந்த ஆண்டு முடித்த பதினேழு பிள்ளைகளின் பெயர் அதில் ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்போம். வரும்போது வங்கிப் புத்தகத்தையும் உதவித்தொகை எண்ணையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.